தலைமாட்டில் நிற்பவர்

அறுவை அரங்கில் எங்கள் இடம் நோயாளியின் தலைமாடு. வயிற்றைத் திறப்பவர் வயிற்றைப் பார்க்கிறார், எலும்பை அறுப்பவர் எலும்பைப் பார்க்கிறார். முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மயக்க மருத்துவர் மட்டும்தான். முப்பது வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் நின்றதில், தூங்குகிறவரின் மூச்சில் ஒரு சின்ன இழுப்பு வந்தால் மானிட்டர் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்ற சக மருத்துவரைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள வெகு காலம் ஆனது.

1992. தென் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் நான் முதுகலை மாணவன். எனக்கு ஒரு வருடம் மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கும் முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பார். அந்தக் கைக்கு நாங்கள் எல்லோரும் ரசிகர்கள். ராத்திரி டியூட்டி மாற்றிக்கொள்ள ஆள் தேடினால் அவரே வந்து நிற்பார். "நீ வீட்டுக்குப் போடா தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்பார். சாப்பிடக்கூட வெளியே போக மாட்டார். என்ன உழைப்பு என்று வியந்துகொண்டே நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். தியேட்டருக்குள் கேட்டால் ஏ.சி. குளிருகிறது என்பார். எங்கள் தியேட்டர் ஏ.சி. அந்தக் காலத்தில் ஓடிய நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். ஒருநாள் அவசரக் கேஸுக்குக் கை கழுவும்போது முழங்கைக்கு மேலே தோலைப் பார்த்துவிட்டேன். மரக்கட்டைபோல் இறுகி, கறுத்து, நடுவில் குழிகள். பென்டசோசின் ஊசியைப் பல மாதம் தனக்குத்தானே போட்டுக்கொண்டவர்களின் தோல் அப்படி ஆகும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்தேன், குனிந்து என் கையைக் கழுவினேன்.

பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலி ஆம்ப்யூல்களை எண்ணும் சிஸ்டருக்குத் தெரியும். சீஃபுக்குத் தெரியும். அவர் செய்தது, அண்ணனை வேறு யூனிட்டுக்கு மாற்றியது. நாலு மாதம் கழித்து ஒரு காலையில் டியூட்டி ரூம் கதவை உடைத்துத் திறக்க வேண்டி வந்தது. ஊருக்கு மாரடைப்பு என்று சொன்னோம். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நெஞ்சுவலி இருந்ததா தம்பி, உங்ககிட்டயாவது சொன்னானா" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், எங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இல்லை என்பதுதான் உண்மை. துறைத் தலைவரிடம் சொன்னால் படிப்பு போகும். போலீஸுக்குப் போனால் போதைப்பொருள் சட்டம். மருத்துவக் கவுன்சிலுக்குப் போனால் பதிவே போகலாம். மூன்றும் தண்டிக்கும் வாசல்கள். அண்ணனைத் தண்டிக்க யாருக்கும் மனசு இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டோம்.

இன்றும் நம் சட்டத்தின் அமைப்பு ஏறக்குறைய அதுதான். மருத்துவர்களின் நடத்தைக்கான 2002-ஆம் ஆண்டு விதிகளில் எட்டு அத்தியாயங்கள் உண்டு. தகுதியற்ற, நேர்மையற்ற நடத்தை சக மருத்துவரிடம் தெரிந்தால் அச்சமோ தயவோ பாராமல் வெளிப்படுத்து என்று முதல் அத்தியாயம் சொல்கிறது. ஏழாவது தவறான நடத்தை, எட்டாவது தண்டனை. நோயுற்ற மருத்துவருக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டு நாற்காலிகள்தான் போடப்பட்டிருக்கின்றன. நடுங்கும் கையோடும் மங்கும் நினைவோடும் வருகிறவரை எதில் உட்கார வைப்பது?

பிரிட்டனில் அந்த மூன்றாவது நாற்காலியைப் போட 1980 ஆனது. மெரிசன் குழு 1975-ல் பரிந்துரைத்து, 1978-ல் சட்டமாகி, அதன் பிறகுதான் அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலில் நோயுற்ற மருத்துவருக்கென்று தனி நடைமுறை வந்தது. அதற்கு முன் நடந்த ஒரு கதையை எங்கள் கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் இழுப்பார். ஹரோல்ட் ஷிப்மன் என்ற இளம் மருத்துவர் பெத்திடினுக்கு அடிமையாகி, பொய்ச் சீட்டு எழுதி மாட்டி, 1976-ல் 600 பவுண்டு அபராதம் கட்டினார். கவுன்சில் எச்சரித்து விட்டுவிட்டது. அதே ஆள்தான் 2000-ல் பதினைந்து நோயாளிகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். விசாரணை ஆணையம் எண்ணிய சாவுகள் இருநூறைத் தாண்டின. பார்த்தீர்களா, அன்றைக்கே துரத்தியிருக்க வேண்டும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. போதைப் பழக்கம் ஒருவரைக் கொலைகாரர் ஆக்குவதில்லை. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. திரும்பி வேலைக்கு வந்தவர் இனிமேல் அபின் வகை மருந்துகளை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார், ஊர் நம்பியது, பதிவேடு கேட்டுப் போய் நின்றவர் ஒருவரும் இல்லை. மன்னிப்பதற்கும் கண்காணிப்பதற்கும் உள்ள தூரத்தில்தான் அந்த உயிர்கள் போயின.

நாற்காலி போட்டதும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 2005 முதல் 2013 வரை தகுதி விசாரணையில் இருந்தபோது இறந்த மருத்துவர்களில் 28 பேர் தற்கொலையால், அல்லது தற்கொலை என்று கருதத்தக்க வகையில், போனதாக அந்தக் கவுன்சிலே 2014-ல் வெளியிட்டது. அந்த எண்ணைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வருடம்தான் எனக்கே அப்படி ஒரு பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது.

ஒரு தனியார் மருத்துவமனையில் நான் துறைத் தலைவர். ஆள் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என் துறையில் இருந்த ஒரு பெண் மருத்துவர், திறமைசாலி. சேதி முதலில் ரெக்கவரி அறை சிஸ்டரிடமிருந்து வந்தது. சுற்றி வளைத்து, வேறு ஏதோ கேட்பதுபோல் கேட்டு, கடைசியில் சொன்னார்: "மேடம் கேஸ் எல்லாம் வலியோடதான் சார் வெளிய வருது."

எனக்கு வந்தது கோபம். என் துறையைப் பற்றி நர்ஸ் வந்து சொல்வதா என்கிற கோபம். அதை வெளியே காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சிஸ்டரின் முகம் சுருங்கியதைப் பார்த்தால் காட்டியிருக்கிறேன் போல. அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மாத மயக்க மருந்துச் சார்ட்டுகளையும் மருந்துப் பதிவேட்டையும் ரெக்கவரி குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபென்டனில் ஓர் ஆம்ப்யூல் என்றால் இரண்டு மில்லி, நூறு மைக்ரோகிராம். சார்ட்டின்படி தாராளமாகக் கொடுத்திருக்கிறது. அந்த அளவு உள்ளே போனவருக்கு அரை மணி நேரத்தில் அப்படி வலிக்காது, நாடி அப்படி எகிறாது. தனியாகப் பார்த்தால் எந்தச் சார்ட்டிலும் குற்றம் இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மனுஷி மூழ்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. ராத்திரி டியூட்டிக்குத் தானே முன்வருவது, டீ குடிக்க மாற்றிவிட வந்தவரை வேண்டாம் என்பது, முழுக்கை மேலங்கி. எல்லாம் எனக்கு முன்பே அறிமுகமானவைதான்.

ஒருவரிடம் போய்ச் சொல்வது என்றால் அந்த ஐந்து நிமிடப் பேச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்கு முந்தின இரண்டு நாளும் பிந்தின இரண்டு நாளும்தான் உண்மையில் வேலை. ஊசி போடுவதற்கு முன் குழாய், உறிஞ்சி, ஆக்சிஜன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம் இல்லையா, இதற்கும் அப்படித்தான். வேறு ஊரில் இருக்கும் ஒரு மனநல மருத்துவரிடம் பேசிப் படுக்கை ஏற்பாடு செய்தேன். எங்கள் மருத்துவமனையில் வேண்டாம், கேன்டீன் வரைக்கும் பேசுவார்கள். அந்தப் பெண் மருத்துவரின் அண்ணன் ரயிலில் வந்து பக்கத்து அறையில் காத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, முதல் கேஸுக்கு முன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த மாதிரிப் பேச்சை வைத்துக்கொள்ளவே கூடாது. சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போவோம், அவர் எங்கே போவார்? மாட்டிக்கொண்ட பிறகான முதல் சில மணி நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தானது. அந்த நேரத்தில் பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடக் கூடாது.

நாங்கள் இரண்டே பேர் உட்கார்ந்தோம். நோயின் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. சார்ட்டை முன்னால் வைத்தேன். "உங்க கேஸ் பதினொண்ணுல ஒன்பது பேர் ரெக்கவரிக்கு வலியோட வந்திருக்காங்க. மருந்து கொடுத்ததா எழுதியிருக்கு. எனக்கு பயமா இருக்கும்மா." அவ்வளவுதான். முதலில் மறுத்தார். பிறகு கோபப்பட்டார். யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மேலங்கியின் கையை அவரே மேலே தள்ளினார்.

சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தோம். இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண அபின் வகைப் பட்டை மார்ஃபினைத்தான் தேடும், ஃபென்டனில் அதில் தெரியாது. அதற்கென்று தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். இது தெரியாமல் நெகட்டிவ் என்று சீட்டு வாங்கி, பாவம் நல்ல பெண்ணைச் சந்தேகப்பட்டோமே என்று மன்னிப்புக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

சட்டத்திலும் ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், உட்கொண்டதற்கும் சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்து அவர் அண்ணனிடம் சொன்னபோதுதான் அந்த மனிதர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். விடுப்புக் கடிதத்தில் உடல்நலம் காரணமாக என்று மட்டும் இருந்தது. நிர்வாகத்துக்கு நான் கொடுத்த தாளில் நோயின் பெயர் இல்லை, இப்போது பணிக்குத் தகுதியில்லை என்ற ஒரு வரிதான். எம்.டி. அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, என்ன வியாதி என்று. வரியை அப்படியே திரும்பப் படித்துக் காட்டினேன்.

அந்த ஒன்பது பேர்? அவர்களை மறந்துவிட்டு மருத்துவரைப் பற்றி மட்டும் உருகினால் அது சாதிப்பாசம் மாதிரிதான். ஸ்பெயினில் வலென்சியாவில் ஹுவான் மாயெசோ என்ற மயக்க மருத்துவர், மார்ஃபினுக்கு அடிமையானவர். நோயாளிக்கான மருந்தில் தனக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு மீதியை நோயாளிக்குக் கொடுத்ததில் 275 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியது. 2007-ல் நீதிமன்றம் 1,933 வருடத் தண்டனை விதித்தது. அந்தச் செய்தி என் தலையில் ஓடிக்கொண்டே இருந்ததால், சம்மதம் வாங்கி எங்கள் மருத்துவருக்கும் ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகள் செய்தோம். எதுவும் இல்லை. அந்த ஒன்பது பேரையும் போனில் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். ஏன் கூப்பிடுகிறேன் என்பதைச் சொல்லவில்லை. ஒரு பெரியவர், ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் கழிச்சு விசாரிக்கிற ஆஸ்பத்திரியை இப்பத்தான் பாக்கிறேன் என்று மனசார வாழ்த்தினார். அந்த வாழ்த்தை எங்கே வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து அந்தப் பெண் மருத்துவர் திரும்பினார். அமெரிக்காவில் மாநில அளவில் நடக்கும் மருத்துவர் நலத் திட்டங்களில் ஐந்து வருடக் கண்காணிப்பு உண்டு. திடீர்ப் பரிசோதனை, பொறுப்பாளர், எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அப்படி இருப்பவர்களில் பெரும்பாலோர் மீண்டு வேலையில் நிலைக்கிறார்கள். வேறெந்தப் போதைச் சிகிச்சையிலும் இவ்வளவு நல்ல பலன் அரிது. ஆனால் எங்கள் துறையின் கதை வேறு. 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், அபின் வகை ஊசிப் பழக்கத்திலிருந்து மயக்கவியல் பயிற்சிக்கே திரும்பிய இளம் மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நிலைத்தார்கள். சிலர் மறுபடி விழுந்ததே அவர்கள் இறந்த பிறகுதான் தெரியவந்தது. குடியிலிருந்து மீண்டவரை டாஸ்மாக் கவுன்டரில் வேலைக்கு வைப்பதுபோல அது. எங்கள் மருத்துவர் அறுவைக்கு முந்தின பரிசோதனை கிளினிக்கில் ஒரு வருடம் இருந்துவிட்டு, அவரே கேட்டு ரத்த வங்கிக்கு மாறினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். எங்களுக்கு ஒரு நல்ல மயக்க மருத்துவர் போனார். அந்தக் கணக்கில் எனக்கு வருத்தமில்லை.

போதை மட்டும்தான் இதில் வரும் என்று நினைக்கக் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்காக மருத்துவமனையில் நாங்கள் அமைத்த சிறு குழுவுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சாதாரண நோய்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு நாலு மணி நேர அறுவையில் நின்று, சர்க்கரை இறங்கி, தையல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே என்ன கேட்டோம் என்று மறந்த எலும்பு மருத்துவர். அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு கேஸுக்கு நடுவே பத்து நிமிடமும் ஒரு தம்ளர் பாலும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் பலர் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். மாத்திரை எடுக்காமல் மறைப்பவர்தான் தடுமாறுகிறார். நோய் இருப்பது வேறு, அது கையைத் தடுப்பது வேறு. நோயைப் பற்றித் துருவாமல் வேலையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

மிகக் கடினம் வயதுதான். தனியார் மருத்துவத்தில் ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. எழுபதைத் தாண்டிய ஓர் அறுவை மருத்துவர், எங்கள் எல்லோருக்கும் ஆசான். எந்தப் பக்கம் குடலிறக்கம் என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்டார். அவருடைய உதவியாளர்கள் வருடக்கணக்காக அவர் மறந்ததையெல்லாம் தாங்களே செய்து சமாளித்திருக்கிறார்கள், குரு பக்தியாம். அவரிடம் பேசும் தைரியம் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. கடைசியில் அவர் மனைவியிடம் பேசினேன். அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "கார் சாவியை ஆறு மாசம் முன்னாடியே ஒளிச்சு வச்சுட்டேன். கத்தியை நீங்கதான் ஒளிக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

இவ்வளவையும் செய்தவன் என்ற மிதப்பில் நான் இருந்த காலம் அது. ஐம்பத்தாறு வயது. ஒரு மத்தியான லிஸ்ட். கேஸ் முடிந்து கையுறையைக் கழற்றும்போது, முன்பு ரெக்கவரியில் இருந்த அதே சிஸ்டர், இப்போது தியேட்டர் பொறுப்பில் இருப்பவர், ஒரு மடித்த சீட்டைக் கொடுத்தார். உள்ளே மூன்று நேரங்கள் மட்டும்: 2.10, 2.35, 3.05. "இந்த நேரத்துலல்லாம் கண்ணு மூடிட்டீங்க சார். மானிட்டரை நான் பாத்துக்கிட்டேன்."

"நைட் டியூட்டி, சிஸ்டர். அதான்" என்றேன். அந்த வாரம் எனக்கு நைட் டியூட்டியே இல்லை என்பது அவருக்கும் தெரியும். யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்கிற அதே கோபம் என் தொண்டையில் நின்றது. எதிரே நிற்பவரையே எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "ராத்திரி உங்க மூச்சு நிக்குது. அது திரும்ப வர்ற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். நீங்க டாக்டர், உங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்" என்றாள்.

உறக்க ஆய்வில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சுத் தடை என்று வந்தது. முப்பதைத் தாண்டினாலே தீவிரம். எத்தனை ஆயிரம் பேருக்குத் தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சுப் பாதையைத் திறந்திருப்பேன், என் பாதை அடைத்துக்கொண்டு கிடந்தது. குழுவுக்கு நானே எழுதிக்கொடுத்தேன். ஆறு வாரம் தனியாகக் கேஸ் எடுக்கவில்லை. என்னிடம் படித்த இளம் மருத்துவர் ஒருவரையே எனக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். முதலில் உறைத்தது, பிறகு பழகிவிட்டது.

இப்போது தினமும் மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். அந்த சிபேப் மெஷினில் ஒரு சின்ன கார்டு உண்டு. எத்தனை மணி நேரம் போட்டிருந்தேன், எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது, எல்லாம் அதில் பதிவாகும். மாதம் முதல் வாரம் அதைக் கொண்டுபோய் பொறுப்பாளரான அந்த இளம் பெண்ணிடம் கொடுப்பேன். லேப்டாப்பில் செருகி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, என் ராத்திரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். போன மாதம் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"சார், பதினேழாம் தேதி மூணு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க."

"அன்னைக்கு மருமகன் வீட்ல கல்யாணம்மா. மெஷினை எடுத்துக்கிட்டுப் போனா ஒரு மாதிரி இருக்கும்னு..."

"மறுநாள் லிஸ்ட் யார் பார்த்தது?"

"நான்தான்" என்றேன். அவர் பேனாவை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.